ஒரு ஹாலிவுட் படம் கருப்பின மக்கள உண்மையா காட்டுதான்னு எப்படி பாக்கறது?

கருப்பின நடிகர் ஒருத்தர் ஹீரோவா நடிச்சிட்டா போதும், அந்த மக்களோட கதைய சொல்லியாச்சுன்னு ரிவ்யூல எழுதிடறாங்க. அமெரிக்கால பிளாக் ஆடியன்ஸ் நூறு வருஷத்துக்கும் மேல கேட்டுட்டு இருக்கறது அது இல்லைங்க. 1915ல 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படம் கருப்பின மக்கள தாக்கின கு க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பல வீரர்களா காட்டினப்ப, கருப்பின மக்களோட உரிமைக்காக போராடற என்ஏஏசிபி அமைப்பு ஊர் ஊரா எதிர்த்து போராடுச்சு, இன்னொரு பக்கம் ஆஸ்கர் மிஷோங்கற கருப்பின டைரக்டர் தானே காசு திரட்டி 1919ல தன்னோட முதல் படத்தயே கொண்டு வந்துட்டாரு. அப்பலேர்ந்து கேள்வி ஒண்ணுதான், கதை யார் கையில இருக்கு?

அதனால படத்த போடறதுக்கு முன்னாடியே எழுதினது யாருன்னு தேடிப் பாத்துடுங்க. 2019ல பெஸ்ட் பிக்சர் ஆஸ்கர் வாங்கின 'கிரீன் புக்' டான் ஷெர்லிங்கற கருப்பின பியானோ கலைஞரப் பத்தின படம், ஆனா எழுதினவங்கள்ல ஒருத்தர் அவருக்கு கார் ஓட்டினவரோட பையன். படம் முழுக்க டிரைவரோட கண்ணு வழியாவே போகுது. ஷெர்லி குடும்பத்த விட்டு விலகி தனியா கெடந்தாருன்னு காட்டினது பொய்னு அவங்க குடும்பமே வெளிப்படையா சொல்லுச்சு.

இப்ப 'மூன்லைட்' படத்த எடுத்துக்குங்க. அதுல போதைக்கு அடிமையான ஒரு அம்மா வராங்க. இப்படி ஒரு கேரக்டர் வந்தாலே ஐயோ அதே பழைய ஸ்டீரியோடைப்னு சொல்லத் தோணும், ஆனா மூலக்கதை எழுதின டாரெல் ஆல்வின் மெக்ரேனியும் டைரக்டர் பாரி ஜென்கின்ஸும் மயாமில கதை நடக்கற அதே லிபர்ட்டி சிட்டி ஏரியாவுல வளந்தவங்க, ரெண்டு பேரோட அம்மாவும் போதையோட போராடினவங்க, அதனால அந்த பொம்பளைய பயமுறுத்தற உருவமா காட்டாம ஒரு மனுஷியா காட்ட முடிஞ்சுது. நல்லவங்களா காட்டுங்கன்னு யாரும் கேக்கல, முழு மனுஷங்களா காட்டுங்கன்னுதான் கேக்கறாங்க. இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

படம் ஓடறப்ப முக்கியமா கவனிக்க வேண்டியது, வெள்ளைக்காரங்க யாரும் இல்லாத சீன்கள். அப்படி சீன் இருக்கா, இருந்தா என்ன பேசிக்கறாங்க, சிரிக்கறாங்களா, சண்டை போடறாங்களா? வேலைக்காரம்மா கேரக்டர்னா வேலை முடிஞ்சு அவங்க வீட்டுக்கு போனப்புறம் கேமரா கூட போகுதா? கருப்பின வேலைக்காரம்மாக்களப் பத்தின 'தி ஹெல்ப்' படத்துல நடிச்ச வயோலா டேவிஸே 2018ல, அந்த வேலைக்காரங்களோட குரல் கடைசில கேக்கவே இல்ல, அதுல நடிச்சதுக்கு வருத்தப்படறேன்னு சொன்னாங்க.

அப்புறம் லைட்டிங். பல வருஷமா கோடக் கம்பெனி கலர் சரிபாக்க வெள்ளைக்காரப் பொண்ணு போட்டோ உள்ள, 'ஷெர்லி கார்டு'ங்கற மாதிரி அட்டையத்தான் லேப்களுக்கு கொடுத்துச்சு, அதனால கருத்த முகங்கள் பிலிம்ல சரியா பதியாமலே போச்சு. இன்னிக்கும் நைட் சீன்ல ரெண்டு நிறத்து ஆளுங்களும் ஒரே பிரேம்ல நின்னா யாரு முகம் தெளிவா தெரியுதுன்னு பாருங்க, லைட் யாருக்காக போட்டிருக்காங்கன்னு உடனே தெரிஞ்சிடும். முடி அலங்காரமும் அப்படித்தான், செட்ல தன்னோட முடிய கையாளத் தெரிஞ்ச ஆளே இல்லன்னு எத்தனையோ நடிகைகள் சொல்லிட்டாங்க.

பாத்து முடிச்சதும் ரேட்டிங்க விட்டுட்டு அந்த ஊர்க்காரங்க என்ன சொல்றாங்கன்னு தேடுங்க. 2025ல வந்த ரையன் கூக்ளரோட 'சின்னர்ஸ்' கதை 1932ல மிசிசிப்பில கிளார்க்ஸ்டேல்ங்கற ஊர்ல நடக்குது, ஆனா படம் வந்தப்ப அந்த ஊர்ல தியேட்டரே கிடையாது. எங்க கதைய நாங்க பாக்கணும்னு ஊர்க்காரங்க பகிரங்கமா கடிதம் எழுதினாங்க, கூக்ளரே நேர்ல வர, அங்கயே ஸ்கிரீன் போட்டு காட்டினாங்க. இந்த ஏக்கம் எவ்ளோ பெருசுன்னு எனக்கு அப்பதான் முழுசா உறைச்சுது.

எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, சார்லஸ் பர்னெட்டோட 'கில்லர் ஆஃப் ஷீப்'. எழுபதுகள்ல காலேஜ் படிக்கறப்ப லாஸ் ஏஞ்சலஸ்ல கருப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் ஏரியாவுல எடுத்தது, பாட்டு உரிமை பிரச்சனையால 2007ல தான் முறையா தியேட்டருக்கே வந்துச்சு. பெரிய திருப்பம் எதுவும் இருக்காது, பொறுமையா பாருங்க. அடுத்து ஜூலி டாஷோட 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்', அதுல பேசற கல்லா (Gullah), அதாவது அமெரிக்காவோட தென்கிழக்கு கடலோரத் தீவுகள்ல கருப்பின மக்கள் பேசற ஆங்கிலக் கலப்பு மொழி, காதுக்கு பிடிபட நேரமாகும், சப்டைட்டில் போட்டுக்குங்க.