பொல்கொட ஏரியில் பாய்ப்படகில் பறக்க வேண்டுமென்றால் முதலில் கோலைப் பாருங்கள்

மொத் என்ற பாய்ப்படகை வாங்கிய முதல் சோளகக் காலம், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலம், முழுவதும் நான் தண்ணீருக்கு மேலே பறந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிடம் தேறாது. காற்று போதவில்லை என்றேன். என் 84 கிலோ உடம்பைக் குறை சொன்னேன். வெள்ளவத்தையில் ஞாயிறு காலைத் தோசையைக்கூடச் சில வாரம் நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், படகு பறக்கும் உயரத்தைக் கட்டுப்படுத்தும் கோலின் இணைப்பில் இருந்த ஒரு ஆணித்துளை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. பழைய படகு, விற்றவரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. அதனால் பாயைப் பற்றிப் பேசுமுன் கோலைப் பற்றிப் பேசுகிறேன்.

மொத் ஒரே ஆள் ஓட்டும் சின்னப் படகு. நீளம் 3.355 மீற்றருக்கு மேல் போகக்கூடாது, அகலம் 2.25 மீற்றர் வரை. அடியில் தலைகீழ் 'T' போல இரண்டு ஃபொயில்கள், அதாவது தண்ணீருக்குள் இருக்கும் சிறகுகள்: ஒன்று நடுப்பலகையின் நுனியில், மற்றது சுக்கானில். வேகம் வந்ததும் இவை படகைத் தூக்கிவிடும். 2005இல் மெல்பேர்னில் நடந்த உலகப் போட்டியை ரோஹன் வீல் இப்படிப் பறந்துதான் வென்றார்.

தூக்குவது சுலபம். எவ்வளவு தூக்குவது என்பதில்தான் சிக்கல். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, ஒரு மெல்லிய கோல் தண்ணீரைத் தொட்டபடி தொங்கும், வாண்ட் என்பார்கள். படகு தாழ்ந்திருக்கும்போது தண்ணீர் அதைப் பின்னால் தள்ளும். அந்த அசைவு ஒரு தள்ளுகம்பி வழியாகப் போய், முன் ஃபொயிலின் ஃபிளாப்பை, அதாவது அதன் பின்விளிம்பில் அசையும் மடலை, கீழே மடக்கும். தூக்கு விசை கூடும். படகு உயர்ந்தால் இலாஸ்டிக் கயிறு கோலை முன்னால் இழுக்கும், ஃபிளாப் மேலே வரும், விசை குறையும். இதற்கு பற்றரியும் இல்லை, கணினியும் இல்லை. ஆனால் வழியில் எங்காவது இரண்டு மில்லிமீற்றர் தளர்வு இருந்தால், கோல் சொல்வது ஃபிளாப்புக்குப் போய்ச் சேராது. படகு எழும்பும், தயங்கும், தொப்பென்று விழும்.

ஆகவே கரையில் இதைச் செய்யுங்கள். படகைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கையால் ஃபிளாப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கோலின் நுனியை ஆட்டுங்கள். நுனி சும்மா ஆடினால் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்துத் தளர்வைக் கண்டுபிடியுங்கள். நான் அந்தத் துளையை எபொக்சியால் அடைத்து, ஆணிக்குச் சரியான அளவில் திரும்பத் துளைக்கக் கொடுத்தேன். துளைத்தவர் மொரட்டுவையில் கதிரை செய்யும் ஒரு தச்சர். "கதிரைக் கால் இப்படி ஆடினால் வாங்குவீர்களா மாத்தயா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு கோலை முழுக்கப் பின்னால் தள்ளுங்கள்: ஃபிளாப் நன்றாகக் கீழே போக வேண்டும். முழுக்க முன்னால் விடுங்கள்: மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். இலாஸ்டிக் மிகத் தளர்வாக இருந்தால், வேகத்தில் தண்ணீர் கோலைப் பின்னாலேயே வைத்திருக்கும். படகு ஏறிக்கொண்டே போய் ஃபொயில் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். அடுத்த நொடி அணியம் தண்ணீருக்குள். மிக இறுக்கினால் எழும்பவே அடம்பிடிக்கும்.

பாயில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழும்பும் வரை பாய் கொஞ்சம் உப்பி வயிறோடு இருக்கட்டும். பறக்கத் தொடங்கியதும் படகின் வேகமே எதிர்க்காற்றாக முகத்தில் அடிக்கும். அப்போது கனிங்ஹாமை, அதாவது பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிற்றை, நன்றாக இழுத்துப் பாயைத் தட்டையாக்குங்கள். புதியவர்கள் கனிங்ஹாமை எப்போதும் போதாமல்தான் இழுக்கிறார்கள்.

இனிக் காற்று. பாணந்துறை போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறும்போதே ஜன்னல் வழியே தென்னோலையைப் பார்ப்பேன். எனக்குக் குறைந்தது 10 நொட் வேண்டும், அதாவது மணிக்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர். மெலிந்தவர்கள் அதற்குக் குறைவிலேயே எழும்பிவிடுவார்கள். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் நம்பலாம். ஊரில் மீனவர்கள் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். கொழும்பில் கச்சான் என்றால் காலிமுகத்திடலில் சுருளில் வாங்கும் நிலக்கடலைதான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடியைக் கேட்டால் உடனே கரைக்கு வாருங்கள். நீங்கள் காபன் பாய்மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஃபொயில் ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழம் கேட்கும். படகைச் சரித்தபடியே இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் நடத்திக் கொண்டுபோங்கள். அடி சேறு, சப்பாத்து அவசியம். வலை எங்கே போட்டிருக்கிறது என்று தோணிக்காரரிடம் கேளுங்கள். ஆகாயத்தாமரையின் ஒரு வேர் ஃபொயிலில் சிக்கினாலே போதும், பறப்பு முடிந்தது. வேகம் காரணமில்லாமல் குறைந்தால் நின்று, படகைச் சரித்து, வழித்து விடுங்கள்.

எழும்புவதற்குக் காற்றைப் பக்கவாட்டில் வாங்குங்கள். படகை மட்டமாக வைத்து வேகம் சேர்க்க விடுங்கள். வேகம் வந்ததும் காற்று வரும் பக்கமாக, உங்கள் மேலேயே சரிவது போலச் சரித்துக்கொண்டு பாய்க்கயிற்றை இழுங்கள். சாதாரணப் படகில் பழகியவருக்கு இந்தச் சரிவு பயமாக இருக்கும். எனக்கு மூன்று வாரம் எடுத்தது. பறக்கும்போது சைக்கிள் ஓட்டுவது போல, எந்தப் பக்கம் விழப் பார்க்கிறதோ அந்தப் பக்கமே சுக்கானை மெல்லத் திருப்புங்கள்; ஃபொயில் உங்கள் அடிக்கு வந்துவிடும். பெரிதாகத் திருப்பினால் குளிப்புத்தான்.

ஹெல்மெட்டும் மிதவை அங்கியும் இல்லாமல் இறங்காதீர்கள். கவிழ்ந்தால் ஃபொயிலின் விளிம்பைப் பிடித்து ஏறாதீர்கள், கத்தி போல வெட்டும். என் இடது உள்ளங்கையில் நான்கு தையல் இருக்கிறது.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பொல்கொடத் தண்ணீர் கடலோடு கலப்பது. கழுவும்போதே கோலின் நுனியை இன்னொரு தடவை ஆட்டிப் பாருங்கள்.