ஒரு கிலோ குழம்பு மிளகாய்த்தூள்: முதன்முறை அரைக்கப் போகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் நாங்கள் தனிக்குடித்தனம் வந்த முதல் ஆறு மாதமும் பாக்கெட் தூள்தான். மிளகாய்த்தூள் ஒன்று, மல்லித்தூள் ஒன்று, சாம்பார்த்தூள் ஒன்று, மீன் குழம்புக்கென்று தனியாக ஒன்று. எல்லாமே நூறு கிராம் பாக்கெட். ஒரு மாதக் கடைசியில் மளிகைச் சீட்டுகளை வரிசையாக வைத்துக் கூட்டியபோதுதான் தெரிந்தது, எண்ணெய்க்கு அடுத்தபடி இந்தத் தூளுக்குத்தான் காசு போயிருக்கிறது.

திருவொற்றியூரில் இருக்கும் அத்தை சித்திரை பிறந்தால் ஐந்து கிலோ அரைப்பார். கூட்டுக்குடும்பம், பத்து வாய். நானும் அதேபோல் ஐந்து கிலோ அரைத்தேன். மூன்று பேருக்கு அது எப்படித் தீரும்? ஐப்பசி மழை வந்ததும் டப்பாவின் அடியில் வண்டு. பாதிக்கு மேல் கொட்ட வேண்டியதாயிற்று, அன்று மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு ஒரு கிலோதான். புதிதாகக் குடும்பம் தொடங்குகிறவர்கள் ஒரு கிலோவில் ஆரம்பியுங்கள். அதற்கும் குறைத்தால் மிஷினுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வீணாகும் தூள்தான் அதிகம்.

எங்கள் வீட்டு அளவு இது:

நீட்டு மிளகாய் 250 கிராம்
மல்லி 500 கிராம்
துவரம்பருப்பு 50 கிராம்
கடலைப்பருப்பு 50 கிராம்
சீரகம் 50 கிராம்
மிளகு 25 கிராம்
புழுங்கலரிசி 25 கிராம்
விரலி மஞ்சள் 25 கிராம்
வெந்தயம் 15 கிராம்
கடுகு 10 கிராம்
கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு

கூட்டிப் பார்த்தால் சரியாக ஒரு கிலோ. தினமும் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம் போல எடுத்தால் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். பருப்பும் அரிசியும் எதற்கு என்று கேட்பீர்கள். குழம்பு தண்ணீராக நிற்காமல் சேர்ந்து வருவதற்கு. இந்த இரண்டையும் கடையில் வாங்காதீர்கள். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குப் போடும் துவரம்பருப்பும், காசே இல்லாமல் போடும் புழுங்கலரிசியும் இதற்குத் தாராளமாகப் போதும். அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடப் பிடிக்காத வீட்டில்கூடத் தூளில் போட்டால் வித்தியாசம் தெரியாது.

வாங்கும்போது

கொத்தவால்சாவடியில் காய்கறி மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் மளிகைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மண்ணடி, அங்கிருந்து நடைதான். ஆனால் ஒரு கிலோ தூளுக்காக மட்டும் போகாதீர்கள், மிச்சம் பிடித்தது டிக்கெட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு அக்காக்கள் இரண்டு பேருடன் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால்தான் லாபம். இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடையே போதும்.

மிளகாயைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். துவண்டு வளைந்தால் ஈரம் இருக்கிறது, தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். மேலே வெள்ளை பூத்திருந்தால் பூஞ்சணம், அதை விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். காரத்துக்குக் குண்டூர் மிளகாய். எங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருப்பதால் 250 கிராமில் 200 குண்டூரும் 50 காஷ்மீரியும் வாங்குகிறேன். காஷ்மீரியில் காரம் குறைவு, நிறம் நிறைய. மல்லியை உள்ளங்கையில் நாலு கசக்குக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வாசனை மூக்கில் ஏறாவிட்டால் அது போன வருடத்துச் சரக்கு.

காயவைக்கும்போது

நல்ல வெயிலில் இரண்டு நாள், வெயில் மந்தமாக இருந்தால் மூன்று நாள். மே மாதத்துக் கத்திரி வெயில் இதற்கென்றே வருவது போல இருக்கும். வாடகை வீடென்றால் மொட்டைமாடிக்கு வீட்டுக்காரம்மாவிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரி போகிற ரோடு, புழுதி மாடி வரைக்கும் ஏறும். அதனால் பழைய வேட்டி ஒன்றை விரித்து மிளகாயைப் பரப்பி, மேலே மெல்லிய வெள்ளைத் துணி போட்டு நாலு மூலையிலும் கல் வைக்கிறேன். காலை பத்து மணிக்குப் போட்டு நாலு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கடல் காற்றின் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

மிளகாய், மல்லி, மஞ்சள் மூன்றையும்தான் வெயிலில் போடுவது. மிளகாயைக் காது பக்கத்தில் வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று ஆட வேண்டும், கிள்ளினால் படக்கென்று ஒடிய வேண்டும். காம்பை அப்போதுதான் கிள்ளுங்கள், காய்வதற்கு முன் கிள்ளினால் விதை கொட்டும். விரலி மஞ்சளை அப்படியே மிஷினுக்குக் கொண்டுபோகக் கூடாது. துணியில் சுற்றி அம்மிக்குழவியால் தட்டிச் சின்னச் சின்னத் துண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

காம்பு கிள்ளுவதற்கு முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எரிகிற கையை வெறும் தண்ணீரில் எத்தனை தடவை கழுவினாலும் எரிச்சல் நிற்காது. முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அன்றைக்குக் குழந்தையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் வேறு யாராவது செய்வது நல்லது.

வறுக்கும்போது

மிளகாயை வறுக்கவே வேண்டாம், வெயில் காய்ச்சலே போதும். ஒற்றை அறை வீட்டில் மிளகாய் நெடி ஏறினால் குழந்தை இருமி இருமி ஓய்ந்துவிடும். மழைக்காலத்தில் வேறு வழியில்லாமல் வறுத்தால் ஜன்னல் கதவையெல்லாம் திறந்துவிட்டு, கடாயில் அரை ஸ்பூன் உப்பு சேர்த்து, அடுப்பைச் சிம்மில் வைத்துச் சூடேறும் வரை மட்டும் புரட்டுங்கள்.

மற்றதெல்லாம் எண்ணெய் இல்லாமல், ஒவ்வொன்றாகத் தனித்தனியே. முதலில் பருப்பு இரண்டும் பொன்னிறமாகிற வரை. அடுத்து அரிசி, பொரிந்து வெள்ளையாக வரும். மிளகும் கடுகும் வெடிக்க ஆரம்பித்ததும் எடுத்துவிடலாம். சீரகத்துக்குச் சூடு பட்டால் போதும். கறிவேப்பிலையைக் கையில் நொறுங்குகிற பதத்துக்கு. காய்ந்த மல்லியையும் ஒரு நிமிடம் புரட்டினால் வாசனை தூக்கும். வெந்தயத்தைக் கடைசியில் போடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். லேசாகச் சிவக்கும்போதே இறக்கிவிட வேண்டும். கருகிய வெந்தயம் பதினைந்து கிராம் இருந்தால் ஒரு கிலோ தூளும் கசக்கும், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. அதனால் வறுக்கும்போதே கருகிவிட்டால் வெந்தயத்தை மட்டும் கொட்டிவிட்டுப் புதிதாக வறுங்கள்.

எல்லாவற்றையும் தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும்.

மிஷினில்

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள். எனக்கு முன்னால் ஒருவர் கேழ்வரகு அரைத்துவிட்டுப் போயிருந்தார், தெரியாமல் கொடுத்துவிட்டேன். முதல் கால் கிலோ தூள் மங்கலாக, மாவு வாசனையோடு வந்தது. இப்போதெல்லாம் வாசலிலேயே கேட்டுவிடுவேன். மிஷின்கார அண்ணனும், "இரும்மா, இன்னொரு மொளகா வருது, அத்த வுட்டுட்டு உன்னுத போடுறேன்" என்று அவரே நிறுத்தி வைப்பார். மிளகாய்க்குப் பின்னால் மிளகாய் அரைத்தால் கவலையில்லை. நிறைய மிஷினில் மாவுக்குத் தனி, மிளகாய்க்குத் தனி என்று வைத்திருப்பார்கள். அப்போதும் முன்னால் போனது வெறும் மல்லியா மிளகாயா என்று கேட்பதில் தப்பில்லை.

சாம்பார் தூள் போல நைஸாக அரைக்கச் சொல்லுங்கள். டப்பாவில் வாங்கும்போது கை வைக்க முடியாத சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு மூடி போட்டு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், மூடியில் வியர்த்து அந்தத் தண்ணீர் தூளிலேயே சொட்டும். மூடியைச் சாய்த்து வைத்து, மேலே துணி கட்டிக் கொண்டுவாருங்கள். வந்ததும் தாம்பாளத்தில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். செய்தித்தாளில் கொட்ட வேண்டாம், அச்சு மை ஒட்டும். சலித்த பிறகு மிஞ்சும் கப்பியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மிஷினுக்கு எடுத்துப்போன டப்பாவின் பக்கமெல்லாம் தூள் ஒட்டியிருக்கும். ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி அலசி அதை அன்றைக்குக் குழம்பில் ஊற்றுவது அத்தை சொல்லிக்கொடுத்தது.

வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு, மீதியை எவர்சில்வர் டப்பாவில் அமுக்கி நிரப்பி, மேலே கட்டிப் பெருங்காயத் துண்டு ஒன்றை வைத்து இறுக மூடுங்கள். பெரிய டப்பாவில் ஈர ஸ்பூன் படவே கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாட்களில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது.

அரைத்த அன்றைக்கு ஒரு நெத்திலிக் குழம்பு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகு போகாது, வஞ்சிரம், சங்கரா எல்லாம் விலை ஏறிவிடும். ஃபைபர் போட்டில் கரையோரம் போகிறவர்கள் கொண்டுவரும் நெத்திலி, கவளைதான் நமக்குக் கைகொடுக்கும். நாம் மிளகாய் காயவைப்பதும் அதே வெயிலில்தான்.

மூன்று பேருக்கு நெத்திலி 300 கிராம். தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும், கத்தி தேவையில்லை. கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசி இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள்.

எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்து இரண்டரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அதில் கால் ஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை, பதினைந்து சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு. வதங்கியதும் இரண்டு தக்காளி, குழைகிற வரை. இப்போது அடுப்பைச் சிம்மில் வைத்துத் தூள் இரண்டரை மேசைக்கரண்டி. எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து ஓரத்தில் ஓடும், அரை நிமிடம்தான், உடனே புளித் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். உப்புப் போட்டுக் கொதிக்கட்டும்.

பாக்கெட் தூளில் பழகியவர்கள் இந்த இடத்தில் குழம்பு தண்ணீராக இருக்கிறதே என்று இன்னும் ஒரு ஸ்பூன் தூள் போட்டுவிடுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பருப்பும் அரிசியும் கொதிக்கக் கொதிக்கத்தான் இழுக்கும். பத்து நிமிடத்தில் பச்சை வாசனை போய் மேலே எண்ணெய் மிதக்கும். மாங்காய் இருந்தால் நாலு துண்டு போட்டு ஐந்து நிமிடம் வேகவிட்டு, பிறகு நெத்திலி. நாலு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கரண்டி போட்டுக் கிண்டினால் மீன் உடையும், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுங்கள்.

மீன் போடுவதற்கு முன்னாலேயே பத்து நெத்திலியைத் தனியே எடுத்து உப்பும் மஞ்சளும் தடவிக் குழந்தைக்குப் பொரித்துவிடுவேன். நடுமுள்ளை வால் பக்கம் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும், சோற்றில் பிசைந்து ஊட்டலாம். குழம்பு மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

இதே தூள்தான் கத்திரிக்காய் முருங்கைக்காய் காரக்குழம்புக்கும், கருவாட்டுக்கும், சாம்பாருக்கும். சாம்பாரில் மட்டும் ஒரு ஸ்பூன் குறைத்துப் போடுங்கள்.

கணக்கையும் ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். சாமான் விலை, மிஷின் கூலி, போக்குவரத்து மூன்றையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் நூறு கிராமின் அடக்கவிலை. அதை நீங்கள் வழக்கமாக வாங்கும் பாக்கெட்டின் நூறு கிராம் விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மிச்சமாகிற காசை நான் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் தனியாகப் போடுகிறேன், அடுத்த தடவை மிளகாய் வாங்க அதிலிருந்துதான் எடுப்பது.

டப்பாவின் மேல் அரைத்த தேதியையும், காரம் எப்படி என்பதையும் எழுதி ஒட்டுங்கள். என் டப்பாவில் இப்போது ஒட்டியிருப்பது: "மிளகாய் சரி. சீரகம் தூக்கலாக இருக்கிறது, அடுத்த முறை 40."