ஐஸ் இயந்திரமும் என் மகனின் செவிகளும்

ஆட்டிசம் உள்ள என் மகன், இராமேசுவரம் அருகேயுள்ள மண்டபம் என்ற கடற்கரை ஊரில் மீன் இறக்கும் இடத்துக்கு வந்தாலே காதைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிடுவதை உறவினர்கள் பிடிவாதம் என்றே சொல்லிவந்தார்கள். ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சல், கருவாட்டு நெடி, கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் ஆகியவற்றுள் வேண்டாததை நம் மூளை தானாகவே ஒதுக்கிவிடுகிறது. அவனுக்கோ அனைத்தும் ஒருங்கே வந்து மோதுகின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய உதவும் டிஎஸ்எம்-5 கையேடு, இத்தகைய புலன் வேறுபாட்டை ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களுள் ஒன்றாகவே சேர்த்துள்ளது.

எது அவனை அதிகம் வருத்துகிறது என்று அறிய, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஏலம் முடிந்தபின் அழைத்துச் சென்றபோது, நெடியும் வெயிலும் குறையாத நிலையிலும் வலைகளை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஐஸ் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கைகளைச் செவிக்குக் கொண்டுபோனான். எனவே இரைச்சலைக் குறைக்கும் காதுறை ஒன்றை வாங்கி, முதலில் வீட்டிலேயே விளையாட்டாக அணியப் பழக்கினேன்; பழக்காமல் மாட்டினால் அதன் அழுத்தமே இன்னொரு தொல்லையாகிவிடும். எந்நேரமும் அணிந்தால் செவிக்கூச்சம் கூடக்கூடும் என்பதால், இயந்திரத்தின் அருகில் மட்டுமே அணிவிக்கிறேன். அப்படியும் அவன் நிலைகுலைந்தால், கேள்வி கேட்காமல் படகு நிழலுக்கு அழைத்துச் சென்று காத்திருக்கிறோம் (அவன் அத்தை மட்டும் "என்ன தம்பி, என்ன?" என்பதை இன்னும் விடவில்லை). இப்போது கணவாய் மீன் ஏலம் வரை உடன் வருகிறான். இராமேசுவரம் கோயில் தீர்த்தங்களில் வாளியால் தலையில் ஊற்றும் நீராட்டை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.