பழைய ஸ்போர்ட் டூரிங் பைக்கை மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோண்டா விஎஃப்ஆர்800, எஸ்டி1100, யமஹா எஃப்ஜேஆர்1300 போன்ற ஸ்போர்ட் டூரிங் (வேகமாக நெடுந்தூரம் போகும்) பைக்குகளில் பெரும்பாலானவை இன்று இருபது வயதைத் தொட்டவை அல்லது தாண்டியவை. தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் அவற்றை வாங்குகிறவர்கள் பலர் முதல் வேலையாக சைலன்சர், ஏர் ஃபில்டர், எரிபொருள் அளவை மாற்றும் மின்னணுப் பெட்டி ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். பொருளின் விலைக்கு மேல் சுங்கம், கூரியர் கட்டணம், 15 விழுக்காடு வாட் வரி எல்லாம் சேர்ந்துவிடும். இவ்வளவு செலவுக்கும் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று குதிரைத்திறன்தான்.

இந்த வண்டிகளுக்குச் சக்தி ஒருபோதும் குறையாக இருந்ததில்லை. எஃப்ஜேஆர்1300 புதிதாக வந்தபோதே 140 குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்தது. டர்பனையும் ஜோஹன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையிலோ வேக வரம்பு மணிக்கு 120 கிலோமீட்டர். இத்தனை ஆண்டுகளில் வண்டி இழந்தவை வேறு. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஷாக்கின் எண்ணெய் நீர்த்திருக்கும், பிரேக் குழாயின் ரப்பர் அழுத்தும்போது வீங்கும், மின் கனெக்டர்கள் கருகியிருக்கும். இழந்ததை மீட்காமல் புதியதைச் சேர்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

அடிப்படையைச் சரிபார்க்காமல் பாகம் வாங்குவது

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அரைச் சுற்றில் நின்றுவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். டர்பன் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில், பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டனிலும் ஸ்லைடு பின்னிலும் உப்பு ஏறி இறுகுவது சாதாரணம். இறுகிய கேலிப்பர் ஒன்று தின்னும் சக்தியைப் புது சைலன்சரால் ஈடுகட்ட முடியாது. செயின் வண்டியானால் பியரிங்குகளையும் செயினின் இறுக்கத்தையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்து வால்வு இடைவெளி, ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர். பிறகு கார்புரேட்டர்களையோ திராட்டில் பாடிகளையோ வேக்குவம் கேஜ் வைத்து ஒன்றோடொன்று சமப்படுத்த வேண்டும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருந்தால் அங்கே காற்று புகுந்து ஐடிலிங் ஏறி இறங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, அந்த இணைப்புகளில் மட்டும் கார்ப் கிளீனரைத் துளித்துளியாக அடித்தால் வெடிப்பு உள்ள இடத்தில் ஐடிலிங் மாறுவது தெரியும். சைலன்சர் குழாய் சூடாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அந்தத் திரவம் தீப்பற்றும்.

இவை முடிந்தபின் ஓட்டிப் பார்த்தால் பலருக்கு எஞ்சின் பக்கம் எதையும் மாற்றும் எண்ணமே போய்விடும்.

உயரத்தை மறந்து ஜெட் மாற்றுவது

இங்கே ஓட்டுகிறவர்களுக்கு இது மற்ற நாட்டவரைவிட அதிகம் பொருந்தும். ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள பாகம். ஆனால் வெளிநாட்டு ஜெட் கிட்டோடு வரும் குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் போகும் வழியிலுள்ள வான் ரீனன் கணவாய் சுமார் 1,680 மீட்டர், ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர். கடற்கரையில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் ஜோஹன்னஸ்பர்க்கில் ஏறத்தாழ 83-க்கு இறங்கிவிடுகிறது. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அங்கே தன் சக்தியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழக்கும். அது வண்டியின் கோளாறல்ல. அதைத் திருப்பிக் கொடுக்கும் சைலன்சரும் கிடையாது.

கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு சிக்கல் சேரும். காற்று மெலியும் அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. அதனால் டர்பனில் சரியாக இருக்கும் கலவை ஜோஹன்னஸ்பர்க்கில் 9 விழுக்காடு வரை பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். பிளக் கருக்கும், மைலேஜ் குறையும், ஆக்சிலரேட்டர் திறக்கும்போது எஞ்சின் சற்றுச் சோம்பும். உடனே சிலர் மெயின் ஜெட்டை இரண்டு அளவு சிறிதாக்குகிறார்கள். மேட்டில் வண்டி பறக்கும். அதே வண்டி விடுமுறைக்கு டர்பனுக்கு இறங்கியதும் கலவை பெட்ரோல் குறைந்ததாக மாறிவிடும். எஞ்சின் சூடேறும், ஆக்சிலரேட்டரை மூடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிக்கும், பிளக்கின் பீங்கான் வெளிறிப்போகும். இரண்டு பேரும் பெட்டிகளுமாக ஏற்றத்தில் போகும்போது கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கினால் பிஸ்டனுக்கே ஆபத்து.

எனவே ஜெட் அளவை எப்போதும் நீங்கள் ஓட்டும் மிகத் தாழ்ந்த இடத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். மேட்டில் பெட்ரோல் கொஞ்சம் மிகுந்தால் செலவு கூடும், எஞ்சின் கெடாது. கடற்கரையில் குறைந்தால் கெடும். ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனித்தனிக் கூம்பு ஃபில்டர் மாட்டுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வேக்குவத்தால் ஸ்லைடு தூக்கும் கார்புரேட்டர்கள் ஏர்பாக்ஸுக்குள் காற்று அமைதியாக நிற்பதை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. கூம்பு ஃபில்டர் போட்டால் நடு ஆர்பிஎம்மில் ஒரு பள்ளம் விழும். டூரிங் வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது அந்த நடு ஆர்பிஎம்மில்தான்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் காற்றழுத்த சென்சார் இருப்பதால் உயரத்தை அவை தாமே சமாளித்துக்கொள்ளும். அங்கே தவறு வேறு விதமாக நடக்கிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் எரிபொருள் அளவை மாற்றும் மின்னணுப் பெட்டியை மாட்டினால், சீரான வேகத்தில் போகும்போது கம்ப்யூட்டர் சென்சாரின் சொல்லைக் கேட்டு நீங்கள் செய்த மாற்றத்தை மெல்ல அழித்துவிடும். பெட்டியின் மேப் (எரிபொருள் அளவு அட்டவணை), சென்சார், சைலன்சர் மூன்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் தரும் தாளைப் படிப்பதிலும் ஏமாற இடமுண்டு. மேட்டுநில டைனோக்கள் அளந்த சக்தியைக் கடல்மட்டக் கணக்குக்கு மாற்றி அச்சிடலாம். மாற்றியதற்கும் மாற்றாததற்கும் இடையே ஏறக்குறைய இருபது விழுக்காடு வித்தியாசம் வரும். முன்னும் பின்னும் ஒப்பிடும்போது இரண்டு தாள்களும் ஒரே டைனோவில், ஒரே திருத்தக் கணக்கில் எடுத்தவையா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் தாள்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

பெட்ரோலைப் பற்றிச் சிறு குறிப்பு. உள்நாட்டில் 93 ஆக்டேன், கடற்கரையில் 95 என்பது இங்கே வழக்கம். மாற்றம் செய்யாத வண்டிக்குக் கையேட்டில் உள்ள எண்ணே போதும். அதற்கு மேல் ஊற்றினால் சக்தி கூடாது. இக்னிஷன் டைமிங்கை முன்தள்ளியிருந்தாலோ கம்ப்ரெஷனை உயர்த்தியிருந்தாலோ கதை வேறு. மேட்டில் 93-இல் தட்டாத எஞ்சின் டர்பனில் தட்டும். அப்படிப்பட்ட வண்டி கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கும்போது டாங்க் நிறைய 93 இருக்கக்கூடாது.

ப்ரீலோடைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நம்புவது

செலவழிக்கும் ஒவ்வொரு ராண்டுக்கும் மிகப் பெரிய பலன் கிடைப்பது சஸ்பென்ஷனில்தான். மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே.

ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு, ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் மாற்றும். அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது, அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு குறி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஜாக்கெட், பூட், ஹெல்மெட்டோடு நீங்கள் ஏறி உட்காருங்கள். ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாலைக் கீழே அழுத்தி மெதுவாக விட்டு அளக்கட்டும். அடுத்து மேலே தூக்கி மெதுவாக விட்டு மீண்டும் அளக்கட்டும். இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் கிடைப்பது சாக் (sag), அதாவது உங்கள் எடையோடு வண்டி இறங்கும் அளவு. சாலையில் ஓட்டுவதற்கு முன்சக்கரத்தில் 35 முதல் 40 மில்லிமீட்டர், பின்சக்கரத்தில் 30 முதல் 40 சரியாக இருக்கும்.

ஆளில்லாமல் வண்டி தன் எடையில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பாருங்கள். பின்னால் 5 முதல் 15 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். ஆளோடு அளவு சரியாக வந்து, ஆளில்லாமல் கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் மென்மையான ஸ்பிரிங்கை ப்ரீலோடால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். ஸ்பிரிங்கை மாற்றாமல் அது தீராது. இந்த வண்டிகளின் முன்ஃபோர்க்கில் தொழிற்சாலை போட்ட ஸ்பிரிங் பலருடைய எடைக்கு மென்மையானது. 85 கிலோ எடையுள்ளவர் பெட்டிகளோடு ஓட்டினால் மில்லிமீட்டருக்கு 0.9 கிலோ அளவுள்ள நேரியல் ஸ்பிரிங் பொருந்தும்.

ஃபோர்க் எண்ணெயில் புட்டியின் மேலுள்ள 10டபிள்யூ என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 10 இன்னொன்றின் 5-க்கு நெருக்கமாக இருக்கலாம். 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் பாகுத்தன்மையைக் காட்டும் சென்டிஸ்டோக் அளவு என்ன என்பதை ஒப்பிட்டு வாங்குங்கள். எவ்வளவு ஊற்றுவது என்பதையும் மில்லிலிட்டரில் முடிக்காமல், ஸ்பிரிங்கைக் கழற்றி ஃபோர்க்கை முழுதும் அமுக்கிய நிலையில், மேல் விளிம்பிலிருந்து எண்ணெய்மட்டம் வரையிலான தூரத்தைக் கையேட்டின்படி வையுங்கள். மட்டம் உயர்ந்தால் ஃபோர்க் கடைசி அங்குலங்களில் கல்லாகிவிடும், சீலும் பிதுங்கும்.

பின் ஷாக்கைத் தனியாக மாற்றுவது அடிக்கடி நடக்கும் வீண்செலவு. ஷாக்கைத் தாங்கும் லிங்கேஜ் பியரிங்குகளில் கிரீஸ் வற்றித் துரு ஏறியிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கும் அசையாது. ஷாக்கைக் கழற்றும் நாளிலேயே லிங்கேஜையும் ஸ்விங் ஆர்மையும் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் போடுங்கள். முன்னால் ஹேண்டிலை நடுவிலிருந்து மெல்லத் திருப்பும்போது ஒரு தட்டு தெரிந்தால் ஸ்டீரிங் பியரிங்கும் போயிற்று. புது ஃபோர்க் ஸ்பிரிங்கின் பலனை அது மறைத்துவிடும்.

பெரிய பிரேக் பாகங்களைத் தேடுவது

லீவரின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாகப் போட்டால் பிரேக் வலுக்கும் என்பது நேர்மாறான நம்பிக்கை. பிஸ்டன் பெரிதானால் லீவரின் ஓட்டம் குறையும், விரலுக்குத் தேவைப்படும் பலம் கூடும். கேலிப்பர் பிஸ்டன்களின் பரப்போடு அது பொருந்தாவிட்டால் கட்டையைப் பிடித்தது போலிருக்கும்.

1998 முதல் 2014 மாடலுக்கு முன்பு வரை வந்த விஎஃப்ஆர்800-இல் முன், பின் பிரேக்குகள் இணைந்தவை. இடது முன் கேலிப்பர் சற்று நகர்ந்து, ஃபோர்க்கில் உள்ள இரண்டாவது மாஸ்டர் சிலிண்டரை அழுத்திப் பின் பிரேக்கையும் இயக்கும். வேறொரு ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஃபோர்க்கையும் கேலிப்பரையும் இதில் மாட்டினால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும். முழுவதையும் மறுவடிவம் செய்யத் தெரியாதவர் கை வைக்கக்கூடாத இடம் இது.

பழைய ரப்பர் குழாய்களை ஸ்டீல் பின்னல் குழாய்களாக மாற்றுங்கள். குழாய் முனையைப் பொருத்தும் ஒவ்வொரு பாஞ்சோ போல்ட்டுக்கும் இரண்டு புது வாஷர். உலோகத்தூளால் செய்த சின்டர்டு பேட், புது டாட் 4 பிரேக் திரவம். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் மைக்ரோமீட்டரால் பாருங்கள். டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அதன் வரையறை 155 டிகிரிதான். டர்பன் காற்றில் ஈரம் ஏராளம். பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கு மேலேயுள்ள டவுன் ஹில் இறக்கத்தில் சுமையோடு வரும்போது லீவர் பஞ்சாகிப்போவதற்கு இதுவே காரணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுங்கள்.

சார்ஜிங் பலவீனத்தின் மேல் மின்சுமை ஏற்றுவது

சூடேறும் கைப்பிடி, கூடுதல் விளக்கு, மேட்டுநிலக் குளிர்காலத்துக்குச் சூடேற்றும் ஜாக்கெட் ஆகியவற்றை வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். 5,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் 14 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். 13.5-க்குக் கீழே போனாலும் 15-க்கு மேலே போனாலும் கோளாறு. காந்தச் சுழலி உள்ள வண்டிகளில், மின்சாரம் தயாரிக்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டரின் மூன்று மஞ்சள் கம்பிகளைக் கழற்றி, இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டை அளந்தால் மூன்று அளவுகளும் சமமாக வர வேண்டும். எந்தக் கம்பிக்கும் வண்டியின் உலோகத்தோடு தொடர்பு இருக்கக்கூடாது. அந்தக் கம்பிகளின் பிளாஸ்டிக் கனெக்டர் பழுப்பேறியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டுச் சால்டர் செய்யுங்கள்.

எல்இடி பல்ப் மாற்றினால் ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பழைய ஷன்ட் வகை ரெகுலேட்டர் மிச்ச மின்சாரத்தைக் குறுக்கிணைத்து வெப்பமாக்கிவிடும். வண்டி எவ்வளவு பயன்படுத்தினாலும் ஸ்டேட்டர் முழு மூச்சில் உழைக்கும். சீரிஸ் வகை ரெகுலேட்டருக்கு மாறினால்தான் அந்தச் சுமை குறையும். மேலும் ஹாலஜனுக்கென்று செய்த கண்ணாடியில் எல்இடி போட்டால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். எஸ்டி1100-இல் கார்களைப் போன்ற ஆல்டர்நேட்டர் இருக்கிறது. முதல் வண்டிகளில் 28 ஆம்பியர், பிந்தையவற்றில் 40. சூடேற்றும் ஜாக்கெட் வாங்கும் முன் உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில சிறிய தவறுகள்

5.5 அங்குல ரிம்மில் 190 அகல டயர் போடாதீர்கள். 180/55 தான் பொருந்தும். அகலமானதை இறுக்கினால் அதன் வளைவு கூர்ந்து, வண்டி திரும்புவது சீராக இருக்காது. டயரின் பக்கவாட்டிலுள்ள சுமை எண்ணையும் படியுங்கள்: 73 என்றால் 365 கிலோ, 58 என்றால் 236. இருவரும் பெட்டிகளும் போகும் வண்டிக்கு அது முக்கியம். டயரிலுள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதிக் குறியில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம்.

விஎஃப்ஆர்800-இல் முன் ஸ்பிராக்கெட்டை 17 பல்லிலிருந்து 16-ஆக்கினால் இழுவை 6 விழுக்காடு கூடும். அதே அளவு ஆர்பிஎம்மும் ஏறும். அந்த வண்டியின் வேக சென்சார் முன் ஸ்பிராக்கெட்டில் இருப்பதால் ஸ்பீடோமீட்டரும் தவறாகக் காட்டும்.

சைலன்சர் மாற்றியே தீர வேண்டுமென்றால், சென்டர் ஸ்டாண்ட் மேலே வந்து நிற்கும் ரப்பர் முட்டு பழைய சைலன்சரில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் அப்படித்தான். முட்டில்லாமல் ஸ்டாண்ட் இன்னும் மேலே வந்து செயினையோ ஸ்விங் ஆர்மையோ உரசும். புதிய குழாய் பக்கப்பெட்டிக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதையும் பெட்டியை மாட்டி வைத்தே அளந்துகொள்ளுங்கள்.

செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியும். கழற்றிய அசல் பாகங்களைத் துடைத்து, எண்ணெய் பூசி, பெயர் எழுதி எடுத்து வையுங்கள். விற்கும்போது, வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வர்தி சோதனையில் கேள்வி எழுந்தால் அவற்றை அன்றே மாட்டிவிடலாம்.