சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லையா? முதலில் அடைப்பின் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

தண்ணீர் தேங்கியதும் பலர் ஆசிட் பாட்டிலைத் தேடுகிறார்கள். அடைப்பு எங்கே என்று தெரியாமல் எதை ஊற்றினாலும் வீண்தான். இடம் தெரிந்துவிட்டால், வீட்டுக்குள் ஏற்படும் அடைப்புகளில் பெரும்பாலானவற்றை நீங்களே சரிசெய்துவிடலாம்.

முதல் படி: இடம்

எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சமையலறை சிங்க் மட்டும் தேங்கினால் கோளாறு அதன் அடியில்தான். வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது குளியலறைத் தரையில் நுரை பொங்குகிறதா? கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் வேறிடத்தில் குமிழி வருகிறதா? அப்படியானால் பொதுக் குழாயிலோ வெளியே உள்ள சேம்பரிலோ (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட குழி) அடைப்பு இருக்கிறது. நான்காம் படிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: சிங்க்

வடித்த கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, டீத்தூள், தேங்காய் நார். நம் சமையலறை அடைப்பில் இந்த நான்கும்தான் திரும்பத் திரும்ப வரும். எண்ணெய் ஆறியதும் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். மற்றவை அதன்மேல் படியும்.

அடியில் வாளி ஒன்றை வைத்துவிட்டு, பாட்டில் டிராப்பின் (சிங்க்குக்கு அடியில் பாட்டில்போல் தொங்கும், கசடு தங்கும் பகுதி) கீழ்க்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ரப்பர் வாஷரை அதே இடத்தில் வைத்து மூடுங்கள். கை இறுக்கமே போதும். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை உடையும். பல வீடுகளில் டிராப்பே இருக்காது, வளையும் குழாய் ஒன்று நேராகத் தரைத் துளைக்குள் போகும். அது தொய்ந்து வளைந்த இடத்தில்தான் கசடு சேரும். கழற்றி, வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள்.

அப்போதும் இறங்காவிட்டால் ரப்பர் பம்ப். ரப்பர் மூழ்கும் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். இரட்டைத் தொட்டி என்றால் மற்றத் துளையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு அழுத்துங்கள். கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள், பி.வி.சி. குழாய் இளகி இணைப்பு விட்டுவிடும்.

மூன்றாம் படி: குளியலறை

இங்கே தலைமுடியும் சோப்பும்தான். கையுறை அணிந்து தரைத் துளையின் மூடியைத் தூக்கி, உள்ளிருக்கும் கிண்ணத்தை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கொக்கிபோல் வளைத்த கம்பியால் முடியை இழுத்தெடுங்கள். தண்ணீர் வேகமாக இறங்குகிறதே என்று அந்தக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அங்கே தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை வாயுவையும் கரப்பான்பூச்சியையும் தடுக்கிறது.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது; குளோரின் வாயு கிளம்பும். காஸ்டிக் சோடா கலந்த தூளுக்குமேல் ஆசிட் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஏற்கெனவே எதையாவது ஊற்றியிருந்தால் பிளம்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: சேம்பர்

வீட்டிலிருந்து தெருவை நோக்கிச் சேம்பர் மூடிகளை வரிசையாகத் திறந்து பாருங்கள். ஒன்று நிரம்பி அடுத்தது காலியாக இருந்தால், அடைப்பு அவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பிளம்பர் மூங்கில் கழியோ நீள ஸ்பிரிங்கோ விட்டுத் தள்ளிவிடுவார். நாப்கின், ஈரத் துடைப்பான் போன்றவை கழிப்பறை வழியாக வந்து இங்கேதான் சிக்கியிருக்கும்.

மழைநாளில் மட்டும் கழிவுநீர் பின்னோக்கி வருகிறதா? மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரில் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் உடனே பிரித்துவிடுங்கள்.

எல்லாச் சேம்பர்களும் நிரம்பியிருந்தால் தெருக் குழாயில்தான் அடைப்பு. சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் கொடுக்கலாம். மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகம்.

செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் அது நிரம்பியிருக்கலாம். உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். டேங்க்குக்குள் எந்த மனிதரையும் இறக்காதீர்கள். உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு சில மூச்சுகளில் ஆளைச் சாய்த்துவிடும்; அளவு கூடும்போது நாற்றமும் தெரியாது. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கூலிக்கு இறங்குகிறேன் என்று அவரே சொன்னாலும் மறுத்துவிடுங்கள். லாரி வரும்வரை குழாய்களை மூடி வைத்துவிட்டு, டேங்க் மூடியின் அருகில் குழந்தைகள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.