வீட்டிலிருந்தே நிறைகுறைப்பு ஆலோசனை: தொடங்குகிறவர்களுக்கு

போசணைத் துறையில் பட்டம் முடித்து, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்தபடி போனில் ஆலோசனை சொல்லப் போகிறீர்களா? கதவு சாத்தக்கூடிய அறை, இயர்போன், ஆளுக்கொரு கோப்பு போதும். சிக்கல் அளவெடுப்பதில்தான்.

1. முதல் அழைப்புக்கு முன்

நிறை, உயரம், இடுப்புச் சுற்றளவு, கடைசி இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். மருந்தை எழுதச் சொன்னால் "சீனிக்கு ஒரு குளிசை" என்றுதான் வரும்; அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தராசைப் பாயில் வைத்தால் பிழையாகக் காட்டும். சீமெந்துத் தரையில், காலையில் வெறும் வயிற்றில் நிறுக்க வேண்டும். இடுப்பளக்கும் நாடா கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பு விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உடல் திணிவுச் சுட்டி (BMI: கிலோவில் நிறையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 25 ஆகட்டும் என்று காத்திராதீர்கள், ஆசியருக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்கும்.

2. தட்டைப் பார்ப்பது

மூன்று நாள் சாப்பாட்டைப் படமெடுக்கச் சொல்லுங்கள். அதில் ஒன்று பிரியாணி நாளாக, வெள்ளியோ ஞாயிறோ இருக்கட்டும். நேர் மேலிருந்து எடுத்தால் பிட்டின் உயரம் தெரியாது. பக்கத்தில் மேசைக்கரண்டி வைத்து, சாய்வாக எடுக்க வேண்டும். முகம் காட்ட விரும்பாதவர் கமராவைத் தட்டுப் பக்கம் திருப்பினால் போதும்.

பிட்டிலும் சொதியிலும் சம்பலிலும் போன தேங்காய் எந்தப் படத்திலும் தெரியாது. சமைப்பவரையும் அழைப்பில் சேர்த்து, "ஒரு நாளைக்கு எத்தனை தேங்காய், எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள். தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. தேத்தண்ணியும் அப்படித்தான்: ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் சீனி 50 கிராம், 200 கலோரி.

3. மாற்றம்

அச்சடித்த உணவு அட்டவணை வேண்டாம், நாலாம் நாள் அது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய அலங்காரம் ஆகிவிடும். இரண்டே மாற்றம் சொல்லுங்கள்: சீனியைப் பாதியாக்குவது, சோற்றில் ஒரு கப் குறைத்து அந்த இடத்தில் கீரை வைப்பது. நாளுக்கு ஏறக்குறைய 300 கலோரி குறையும். முதல் வாரம் சட்டென்று இறங்குவதில் பெரும்பகுதி நீர்தான். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மூன்றாம் வாரம் தராசு அசையாதபோது உங்கள் அழைப்பை எடுக்கமாட்டார்கள்.

4. வாராந்தம்

15 நிமிட அழைப்பு. இணைப்பு அறுந்தால் குரல்பதிவு.

5. முதலில் வைத்தியரிடம்

கர்ப்பிணிகள், காரணமின்றி மெலிந்தவர்கள், இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் (சீனியைக் குறைக்கும் குளிசை) எடுப்பவர்கள். சோற்றை மட்டும் குறைத்து மருந்தளவை அப்படியே விட்டால் இரத்தச் சீனி சடாரென இறங்கும். காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் இப்படியானவர்கள் இருந்தால், ரமழான் நோன்புக்கு 6 முதல் 8 வாரம் முன்பே கிளினிக்குக்கு அனுப்பிவிடுங்கள்.