டிவிடி பிளேயர் 'நோ டிஸ்க்' என்று காட்டினால்

சினிமாவைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அப்பாவின் அறுபதாம் கல்யாணமும் அக்கா மகளின் அரங்கேற்றமும் எங்கள் வீட்டில் டிவிடியில் மட்டும்தான் இருக்கின்றன. அதனால் பிளேயர் மக்கர் செய்தால் நான் லேசில் கைவிடுவதில்லை. நீங்களும் அவசரப்படாதீர்கள்.

முதலில் கோளாறு டிஸ்க்கிலா பிளேயரிலா என்று பாருங்கள். கடையில் வாங்கிய ஒரு பட டிவிடி, ஒரு பாட்டு சிடி இரண்டையும் போட்டுப் பாருங்கள். கடை டிவிடி ஓடி, ஸ்டூடியோக்காரர் பதிந்து கொடுத்தது மட்டும் ஓடவில்லையா? லென்ஸில் அழுக்கு இருக்கலாம், டிஸ்க்கைப் படிக்கும் லேசர் ஒளி சோர்ந்திருக்கலாம். பதிந்த டிஸ்க்கைப் படிப்பது பிளேயருக்கு எப்போதும் கொஞ்சம் சிரமம். சிடி பாடுகிறது, எந்த டிவிடியும் ஓடவில்லை என்றால் லேசர் மேல்தான் சந்தேகம். இரண்டுக்கும் வெவ்வேறு லேசர்: சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீள ஒளி, டிவிடிக்கு 650. ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யலாம். இந்தியாவில் வாங்கியது மட்டும் முரண்டு பிடித்தால், எந்த வட்டாரப் பிளேயரில் ஓடும் என்று காட்டும் ரீஜன் எண்ணை அட்டையில் பாருங்கள். இந்தியாவுக்கு 5, நம் சிங்கப்பூருக்கு 3.

அடுத்தது லென்ஸ். நம்மூர் ஈரக்காற்றில் தூசியும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் படிந்துவிடும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, சற்று நேரம் விட்டு, மேல்மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். டிஸ்க் சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் உளுந்து அளவில் நீலம் பாய்ந்த ஒரு கண்ணாடி தெரியும். மெல்லிய கம்பிகளில் தொங்குவதால், தொட்டாலே அசையும். அழுத்தவே கூடாது. பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் துளி நனைத்து, வட்டமாக ஒரு தடவை மெதுவாகத் துடையுங்கள். பிறகு உலர்ந்த குச்சியால் இன்னொரு தடவை. நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸைக் கெடுத்துவிடும். நன்றாகக் காய்ந்து, மூடியைப் பூட்டிய பிறகே மின்சாரம் கொடுங்கள். லேசர் கண்ணுக்கு ஆகாது.

மின்கம்பி வந்து சேரும் பலகையில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்குள்ள, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பிளேயரில் விளக்கே எரியவில்லை என்றால் அது தெரிந்தவர் வேலை. கெட்டுப்போன பொருளைப் பழுதுபார்க்க 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் முகாமில் தொண்டூழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். அடுத்து எங்கே, எப்போது நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

டிஸ்க் வைக்கும் தட்டு திறக்காமல் உறுமுகிறதா? உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள்.

ஓடத் தொடங்கிவிட்டால் படம் பார்க்க உட்காராதீர்கள், அது எத்தனை நாளைக்கோ! யூஎஸ்பி டிவிடி டிரைவை மடிக்கணினியில் செருகி, குடும்ப டிஸ்க்குகளை முழுதாக நகலெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பிளேயர் படிக்காததைக்கூட அந்த டிரைவ் பல சமயம் படித்துவிடும் என்பதால், லேசர் போனவர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

அப்புறமும் பிளேயர் தேறவில்லை என்றால் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரிடம் கொடுத்துவிடலாம். உள்ளே டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரிமோட் பேட்டரிகள் மின்கழிவுத் தொட்டிக்குப் போகட்டும்.